களையிலே குடியிருக்கும் நோய்

மாரி மழை ஓய்ந்து தைப்பனி விழத் தொடங்கும் நாள்களில், வன்னிப் பெருநிலப் பரப்பிலுள்ள கச்சான் தறைகளிலே ஒரு காட்சியைக் காணலாம். நிரை நிரையாகச் செழித்து நிற்கும் செடிகளின் நடுவே ஒரு செடி மாத்திரம் வாடி நிற்கும். முதலில் அதன் ஒரு கிளை துவளும். இரண்டு மூன்று நாள்களில் செடி முழுவதும் மஞ்சளித்துச் சாயும். நீர்க்குறையென்று எண்ணுதற்கும் இடமில்லை. அடிமண் ஈரமாகவே இருக்கும். கமக்காரர் குனிந்து அச்செடியின் அடியை விலக்கிப் பார்ப்பாராயின், தண்டு மண்ணோடு பொருந்தும் இடத்தில் வெண்ணிற நூல்கள் விசிறி விரித்தாற்போலப் படர்ந்திருக்கக் காண்பார். அந்நூல்களிடையே கடுகு மணிகளைப் போன்ற சிறிய உருண்டைகள் கிடக்கும். செடியைப் பிடித்து இழுத்தால் தண்டு கையோடு வரும்; காய்கள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

இவ்வாறு கைக்கு வந்த விளைவை மண்ணிலே இழந்த கமக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "போன வருடம் இந்தத் தறையிலே கச்சானும் போடவில்லை, பயறும் போடவில்லை; நிலம் சும்மாதானே கிடந்தது; வருத்தம் எங்கிருந்து வந்தது?" நியாயமான கேள்விதான். அதற்குரிய விடை அந்தச் சும்மா கிடந்த நிலத்திலேயே இருக்கின்றது. மனிதன் விதையாது விட்ட நிலத்தை இயற்கை வெறுமையாக விட்டு வைப்பதில்லை. அங்கே குப்பைக்கீரை முளைத்தது, கோரை படர்ந்தது, பார்த்தீனியம் பூத்தது. பயிர் இல்லாத காலத்தில் நோய்க்கு உணவும் உறைவிடமும் அளித்தவை அக்களைகளே.

களை பயிரின் நீரையும் பசளையையும் ஒளியையும் பறிக்கின்றது என்பதை எல்லோரும் அறிவர். அது மண்ணிலுள்ள நோயைப் பேணி வளர்க்கின்றது என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். கச்சான், பயறு, உளுந்து, கௌபி முதலிய அவரையினப் பயிர்களைத் தாக்கும் கொடிய நோய்கள் பல, மண்ணில் வாழும் பூசணங்களால் உண்டாவன. பாடநூல்கள் பங்கசு என்று வழங்குவதும் இப்பூசணத்தையே. இலையில் விழும் பூசணத்துக்கு மருந்து தெளித்து ஓரளவு தடை செய்யலாம். மண்ணுக்குள் இருப்பதைத் தேடி மருந்து செல்வது அரிது. ஆகவே, அது எங்கே தங்குகின்றது, எதை உண்டு பிழைக்கின்றது என்று அறிவதே அதனை வெல்லும் வழியாகும்.

முதலில், மேலே சொன்ன வெண்ணூற் பூசணத்தை எடுத்துக்கொள்வோம். 1892 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே ரொல்ஃப்ஸ் என்ற அறிஞர் தக்காளிச் செடிகளில் இதனைக் கண்டு விவரித்தார். 1911 ஆம் ஆண்டில் இத்தாலியப் பூசணவியலறிஞர் சக்கார்டோ அவர் பெயராலேயே இதற்கு ஸ்கிளெரோசியம் ரொல்ஃப்சி என்று பெயரிட்டார். 1966 ஆம் ஆண்டில் வட கரோலினாவைச் சேர்ந்த அய்கொக் என்பவர் இப்பூசணத்தைப் பற்றி அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி ஒரு நூல் செய்தார். ஏறத்தாழ 100 குடும்பங்களைச் சேர்ந்த 500 வகைத் தாவரங்கள் இதற்கு இரையாகின்றன என்பது அப்போதே தெரிய வந்தது. இத்தனை வகையான தாவரங்களை உண்ணவல்ல பூசணத்துக்கு, கச்சான் இல்லாத ஆண்டு பஞ்ச ஆண்டாகுமா? தறையில் நிற்கும் களைகளுள் ஏதோவொன்று அதற்கு விருந்திட்டுக்கொண்டேயிருக்கும்.

கடுகு போன்ற அவ்வுருண்டைகளே இப்பூசணத்தின் முதலீடு. ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர் முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை குறுக்களவு உடையது. முதலில் வெண்மையாகத் தோன்றிப் பின்னர் கபில நிறமாகி, தடித்த தோல் போர்த்து உறங்கும். வெயிலும் வறட்சியும் இதனை எளிதில் அழிப்பதில்லை. மண்ணின் மேற்பரப்பை அண்டியே இது சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். காய்ந்து கிடந்த மணி ஐப்பசி மாதத்து முதல் மழையில் நனைந்ததும் வீறுடன் முளைக்கும். 25 பாகை முதல் 35 பாகை செல்சியஸ் வரையான வெப்பம் இதற்கு உகந்தது. இலங்கையின் உலர்வலயத்திலே மாரியும் கோடையும் இவ்வெப்பத்தையே அளிக்கின்றன. முளைத்த நூல் ஒட்சாலிக்கமிலத்தைச் சுரந்து, தான் நுழையுமுன்னரே செடியின் கலங்களைச் சாகச் செய்து, பின்பு அவற்றை உண்டு முன்னேறும். ஒரு குப்பைக்கீரைச் செடி இவ்வாறு அழுகிச் செத்தால், அதன் அடியிலே புதிய மணிகள் பெருந்தொகையாக உண்டாகிவிடும். அடுத்த போகத்தில் அவ்விடத்தில் விதைக்கப்படும் கச்சான் அவற்றின் மேலேயே முளைக்கின்றது.

களையானது நோய்க்கு உதவும் முதலாவது வழி இது: தான் நோயுற்று, நோய்விதையைப் பெருக்குதல். இதனைக் கண்ணாற் காணலாம். இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. சில தாவரங்களின் வேருக்குள்ளே பூசணம் புகுந்து வாழும். ஆயினும் அத்தாவரம் வாடாது. வளர்ந்து பூத்து விதை சிந்தும். நோய்க்குறி காட்டாத இத்தகைய தாவரங்களை நோய்காவிகள் என்பர்.

இதற்கு நல்ல சான்று இந்தியாவிலிருந்து கிடைத்தது. இலங்கையிலே கடலை என்று அவித்தும் வறுத்தும் உண்ணப்படும் பயிரை, இந்தியாவில் பியூசேரியம் என்ற பூசணம் வாடச் செய்கின்றது. ஐதராபாத்துக்கு அருகிலுள்ள இக்ரிசாட் என்னும் சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹவாரே, நெனே ஆகிய இருவரும் 1982 ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். கடலையைக் கொல்லும் அதே பூசணம் துவரை, பட்டாணி, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றின் வேர்களிலும் வாழ்கின்றது. ஆயினும் அச்செடிகள் நோயுறுவதில்லை என்பதே அது. கோரை, நெருஞ்சி, முடக்கொத்தான் முதலிய களைகளும் இவ்வாறு அதனைத் தாங்குவனவாக எண்ணப்படுகின்றன. பார்வைக்குச் சுகமாக நிற்கும் களை, உள்ளே பகையை ஒளித்து வைத்திருக்கலாம். ஆதலின், "களையிலே வருத்தம் காணவில்லை, தறை சுத்தமானது" என்று கமக்காரர் முடிவு செய்தல் ஏமாற்றத்துக்கே இடமாகும்.

மூன்றாவது வழியே பெரிதும் கவனிக்கத்தக்கது. களை உயிரோடு இருக்கும்போது மட்டுமன்றி, செத்த பின்னரும் நோய்க்குத் துணைபோகின்றது. வெண்ணூற் பூசணம் உயிருள்ள செடியைத் தாக்குமுன் அயலிலே கிடக்கும் செத்தைகுப்பைகளை உண்டு வலிமை பெறும் இயல்புடையது. வாடிக் காயும் இலைதண்டுகளிலிருந்து வெளிவரும் ஆவிகள் மண்ணிலே உறங்கும் மணிகளைத் தட்டி எழுப்புகின்றன என்பதும் ஆராய்ச்சியாற் கண்டறியப்பட்டது. இனி, வழக்கமாகக் களை பிடுங்கப்படும் முறையை நோக்குக. கூலிக்கு வந்த பெண்கள் நாள் முழுவதும் குனிந்து நின்று களையைப் பிடுங்குவர். பிடுங்கியதை அங்கேயே நிரைகளுக்கிடையிற் போடுவர். பின்பு மண்வெட்டியால் மண் அணைக்கும்போது அக்களையும் மண்ணோடு சேர்ந்து கச்சானின் கழுத்தடியில் குவிந்துவிடும். களைக்குக் கொடுத்த கூலி நோய்க்கு உணவிட்ட கூலியாகிவிடுகின்றது. மருந்தடித்துக் கொல்லப்பட்டு நின்ற நிலையிலே காயும் களைக்கும் இது பொருந்தும்.

1950களில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலே பொயில் என்ற தாவர நோயியலறிஞர் இவ்விடயத்தையே கமக்காரருக்கு வற்புறுத்தினார். முன்னைய பயிரின் குப்பையையும் களையையும் ஆழப் புரட்டிப் புதைத்துவிட வேண்டும். அதன் பின்னர் களை கட்டும்போது மண்ணைச் செடியின் மேல் வாரி எறியலாகாது என்பன அவர் கூறிய இரண்டு விதிகள். இப்பூசணத்துக்குக் காற்று இன்றியமையாதது. ஆழத்தில் புதைந்த மணி முளைத்து மேலே வந்து செடியைப் பற்றுவது அரிது. அதனாலேயே மண்ணைப் புரட்டும் உழவு பயன் தருகின்றது. ஆனால், இவ்வாண்டு புதைத்ததை அடுத்த ஆண்டு மறுபடியும் ஆழ உழுது மேலே கொணர்ந்தால் பயன் கெடும். ஒரு முறை ஆழப் புரட்டியபின் அடுத்த போகங்களில் மேலாக உழுதலே தக்கது.

மண் அணைத்தல் கச்சானின் காய்க்காம்புகள் மண்ணில் இறங்குவதற்கு உதவுகின்றது என்பது கமக்காரரின் அனுபவம். அதனை முற்றாகக் கைவிட வேண்டுவதில்லை. களையை முதலில் தறைக்கு வெளியே அகற்றிவிட்டு, குப்பை கலவாத தூய மண்ணை, பூக்கும் பருவத்துக்கு முன்பே, கழுத்தை மூடாதபடி அணைத்தல் வேண்டும். பூத்தபின் மண்வெட்டியாற் கொத்தினால் தண்டிலும் காம்பிலும் காயம் உண்டாகும். ஒவ்வொரு காயமும் பூசணம் நுழைவதற்கு ஒரு வாயில். ஆகவே, காலம் தாழ்த்தாத களையெடுப்பே நோயைத் தடுக்கும் களையெடுப்பு. பருவம் கடந்தபின் எஞ்சிய களையைக் கையாலே பிடுங்குதலே நன்று.

மழையை விரும்பும் பகையைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டது. வறட்சியை விரும்பும் பகையும் ஒன்றுண்டு. சிறுபோகத்துப் பயறு, உளுந்து, கௌபிச் செடிகள் பூத்துக் காய்க்கும் வேளையிலே திடீரெனக் காய்ந்து நிற்பதைக் காணலாம். தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே கரித்தூள் தூவினாற்போல நுண்ணிய கரும்புள்ளிகள் நிறைந்திருக்கும். கரியழுகல் என்னும் இந்நோயை உண்டாக்குவது மக்ரோபொமினா பசியோலினா என்ற பூசணம். இதற்கும் இலங்கைக்கும் பழைய தொடர்பு உண்டு. பேராதனையைச் சேர்ந்த ஹெய்க் என்ற ஆய்வாளர் இப்பூசணத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 1930 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இதுவும் 500 வகைக்கு மேற்பட்ட தாவரங்களைத் தாக்க வல்லது. குப்பைக்கீரை இனங்களும் பார்த்தீனியமும் அவற்றுள் அடங்கும்.

கரியழுகலில் களை செய்யும் கேடு இருமடங்கானது. தன் வேரிலும் தண்டிலும் கரும்புள்ளிகளைப் பெருக்கி மண்ணிற் சேர்ப்பது ஒன்று. பயிரின் நீரை உறிஞ்சி அதனை நீர்வேட்கைக்கு உள்ளாக்குவது மற்றொன்று. இப்பூசணம் மண்ணிலே பல நாளாகச் செடியின் வேரைத் தொட்டுக்கொண்டிருப்பினும், செடி நன்கு நீருண்டு வலிமையோடு இருக்கும் வரை பெரிதும் தலையெடாது. வெப்பம் ஏறி, ஈரம் வற்றி, செடி சோர்ந்த வேளையிலேதான் அது மேற்சென்று கொல்லும். அச்சோர்வை விரைவில் வரவழைப்பது பக்கத்தில் நிற்கும் களை. மழை இரண்டு கிழமை பிந்தினால், களை நிறைந்த தறை முதலிற் சாகும்; களையற்ற தறை அவ்விரண்டு கிழமையைத் தாங்கிக்கொள்ளும்.

நெல்வயலிலே பயறோ கௌபியோ போடுபவருக்கு வேறொரு எச்சரிக்கை தேவை. அறுவடைக்குப் பின் எஞ்சிய ஈரத்திலே அவரையினப் பயிர் செய்வது உலர்வலயத்தில் நல்ல வழக்கமாகும். ஆனால், நெல்லின் இலையுறையைக் கருகச் செய்யும் ரைசொக்டோனியா சொலானி என்ற பூசணம் அவரையினப் பயிர்களையும் தாக்கும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நெல்லும் சோயா அவரையும் மாறி மாறி விதைக்கப்பட்ட வயல்களிலே, இவ்வொரு பூசணமே இரண்டையும் கெடுத்தது கண்டறியப்பட்டுள்ளது. நெல்லுக்கும் பயறுக்கும் இடையிலே பாலமாக நிற்பவை வரம்பிலுள்ள புல்லும் கோரையும், நெல்லைப் போலத் தோற்றங்காட்டும் நெற்சப்பியுமாகும். வயலைச் சுத்தஞ் செய்து வரம்பைக் கவனியாது விடுபவர், வீட்டைப் பூட்டி வேலியைத் திறந்து வைத்தவரை ஒப்பர்.

இவற்றை நோக்கினால், பயிர்ச் சுழற்சி என்னும் சிறந்த முறை சிலவேளை பயனற்றுப் போவதன் காரணமும் விளங்கும். வெண்ணூற் பூசணம் கண்ட தறையிலே அடுத்த போகம் சோளமோ இறுங்கோ போடுதல் நன்று. அவற்றை அது அதிகம் தாக்குவதில்லை. ஆனால், அச்சோளத்தின் காலடியிலே குப்பைக்கீரை தழைத்து நின்றால், சுழன்றது பயிர் மட்டுமே. பூசணத்தின் உணவு மாறவில்லை. கரியழுகலோ சோளத்தையும் இறுங்கையும்கூடத் தாக்கும். அங்கே சுழற்சியைவிட மண்ணின் ஈரத்தைக் காத்தலே முதன்மையானது.

எனவே, செய்ய வேண்டியன யாவை? முதலாவது, நோய் கண்ட இடத்தை மறவாதிருத்தல். இந்நோய்கள் தறை முழுவதும் ஒரே நாளிற் பரவுவன அல்ல. திட்டுத் திட்டாகத் தோன்றுவன. செடி வாடிய இடத்தில் ஒரு தடியை நாட்டி வைத்தால், அடுத்த மழைக்கு முளைக்கும் களைகளுள் எவற்றை முதலிற் பார்க்க வேண்டும் என்பது தெரியும். உழவாரத்தால் அங்குள்ள பத்துக் களைகளை வேரோடு பெயர்த்துப் பார்க்கலாம். அடித்தண்டில் வெண்ணூலோ கடுகுமணியோ காணப்பட்டால் அச்செடியை மண் சிந்தாது எடுத்து, தறைக்கு வெளியே காயவைத்து எரித்துவிட வேண்டும். அரைகுறையாக மக்கிய எருக்குவியலில் இதனைப் போட்டால், அவ்வெரு அடுத்த ஆண்டு நோயை மற்றத் தறைகளுக்கும் காவிச் செல்லும்.

இரண்டாவது, விதைப்புக்கு முந்திய களையெடுப்பு. முதல் மழைக்கு முளைக்கும் களையை இரண்டொரு இலைப் பருவத்திலே மேலாகக் கொத்திவிட்டால் அது வெயிலில் விரைவாகக் காய்ந்து போகும். முழங்காலளவு வளரவிட்டுப் பின்னர் உழுது புதைத்தால், அப்பச்சை மக்குவதற்குப் பல கிழமைகள் செல்லும். மக்காத பச்சையின் மேல் விதைத்தல் பூசணத்துக்குச் சோறிட்டு விதைத்தலாகும். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே பூவரசங்குழை தாட்கும் பழக்கத்திலும் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும். குழை நல்ல பசளை. ஆனால், அது நன்கு மக்கிய பின்பே அவரையினப் பயிரின் விதை மண்ணில் விழ வேண்டும். மழையை நம்பிய கமத்தில் காத்திருத்தல் எளிதன்று. ஆகவேதான் களையைச் சிறிதாக இருக்கும்போதே கெடுக்க வேண்டுமென்பது. சிறு களை காத்திருக்கச் செய்வதில்லை.

மூன்றாவது, கோடை வெயிலைத் துணைக்கொள்ளல். 1976 ஆம் ஆண்டில் இஸ்ரவேல் நாட்டைச் சேர்ந்த கட்டான் என்பவரும் அவர் துணைவரும், நனைத்த மண்ணை மெல்லிய பொலித்தீன் தாளால் மூடி வெயிலிற் சில கிழமைகள் விட்டால் மண்ணிலுள்ள பூசணங்களும் களைவிதைகளும் பெரிதும் சாகின்றன என்று காட்டினர். நாற்றுமேடைக்கும் சிறு தோட்டத்துக்கும் இது ஏற்றது. ஆயினும் ஆழத்திலுள்ள கோரைக்கிழங்கு இதற்கு எளிதிற் சாவதில்லை. அதனைத் தோண்டி எடுத்தலே வழி. இன்னும், 1932 ஆம் ஆண்டில் வைண்ட்லிங் என்ற அறிஞர் டிரைக்கோடெர்மா என்ற பூசணம் வேறு பூசணங்களைப் பற்றி உண்பதைக் கண்டார். இந்நட்புப் பூசணத்தை மக்கிய எருவோடு கலந்து இடும் முறை இன்று பல நாடுகளில் வழங்குகின்றது. இலங்கையிலும் இது பரவி வருகின்றது. ஆனால், களை நிறைந்த தறையிலே நண்பன் ஒருவனை இறக்கிவிட்டு, பகைவனுக்கு நாள்தோறும் விருந்திடுதல் பொருந்தாது.

2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளைகளினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி சில மாதங்கள் தடை செய்யப்பட்டபோது, களைகொல்லியை நம்பியிருந்த கமக்காரர் பலர் மீண்டும் மண்வெட்டியையும் கையையும் நாட நேர்ந்தது. அத்தடை நீங்கிவிட்டது. எனினும், மருந்து இருப்பினும் இல்லாவிடினும், எக்களையை எப்போது எடுப்பது, எடுத்ததை எங்கே போடுவது என்னும் அறிவு கமக்காரரிடமே இருத்தல் வேண்டும் என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

எல்லாக் களையும் எல்லா நோய்க்கும் இடங்கொடுப்பதில்லை. மாட்டுக்குத் தீனியாகும் புல்லும், வேலியோரத்து மூலிகையும் கமத்துக்கு உரியனவே. பகை தங்கும் களையைப் பயிர் வளரும் இடத்திலிருந்து அகற்றுதலே இங்கு வேண்டப்படுவது. பயறும் உளுந்தும் கச்சானும் மீன் இறைச்சி வாங்க இயலாத வீடுகளுக்குப் புரதம் அளிப்பன. அவ்வீடுகள் பலவற்றில் அடுத்த ஆண்டுக்கான விதையும் இவ்வாண்டு விளைவிலிருந்தே எடுத்து வைக்கப்படுகின்றது. ஒரு போகம் கெட்டால் உணவும் விதையும் ஒருங்கே போய்விடும்.

திருக்குறளிலே உழவைக் கூறும் அதிகாரம், களை கட்டலை ஒரு தொழிலாகவும் அதன் பின்னர் பயிரைக் காத்தலை மற்றொரு தொழிலாகவும் பிரித்துச் சொல்கின்றது. பிடுங்கியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை என்பது அதனால் விளங்கும். நிலம் சும்மா கிடந்ததே என்று கேட்கும் கமக்காரர், அடுத்த முறை அந்நிலத்தைக் கடந்து செல்லும்போது ஒரு நிமிடம் நின்று, அங்கே தழைத்து நிற்கும் ஒரு குப்பைக்கீரையை வேரோடு பெயர்த்துப் பார்ப்பாராக. அவர் கேள்விக்கு விடை அதன் அடித்தண்டிலே, கடுகளவில், காணக் கிடைக்கலாம்.